உப்புப் படலம்

லூலியோவில் கடல் உறைந்து
அதன்மேல் கார்கள் ஓடும் மாதம்.
காலை ஏழு மணி, இன்னும் விடியவில்லை.
குன்வோர் ஸ்டென்வால் நகத்தளவு எஃகுத் துண்டொன்றை
ஹெப்டேனில் அலசுகிறாள்.
எண்ணெய் போய்விடும்.
எண்ணெயும் எஃகும் உரசி உரசிப் பெற்றது
போகாது.

அதைத்தான் தேடுகிறாள்.
உரசல் விழுந்த இடத்தில் மட்டும் விளைகிற
ஒருவகைக் கண்ணாடி:
துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம், ஆக்சிஜன்,
கொஞ்சம் இரும்பு.
கனம் எண்பது நானோமீட்டர்.
ஒரு தலைமுடியை ஆயிரம் சீவலாகச் சீவினால்
அதில் ஒரு சீவல்.
அது இருந்தால் எஃகு எஃகைத் தின்னாது.

துண்டோடு ஒரு கடிதம்.
வடக்கே மலைமேல் ஒரு காற்றாலை;
அதன் பல்சக்கரப் பெட்டியில் ஒரு பேரிங்;
இருபது ஆண்டு சுழல வேண்டியது
பதினான்கு மாதத்தில் செதில் செதிலாய் உதிர்ந்தது.
‘பொருத்தியவர் வெறுங்கையால் தொட்டிருக்கலாம்
என்று ஐயுறுகிறோம்.’
எழுதியது எண்ணெய் விற்ற கம்பெனி.
பொருத்தியவர் பெயரும் இருந்தது, யாரும் கேட்காமலே:
ஈஸ்கில் லான்டோ.

கலத்துக்குள் வெற்றிடம் வந்து நிறைய
ஓர் இரவு ஆனது.

மறுநாள் எக்ஸ் கதிரைத் திறந்துவிட்டாள்.
அடிபட்ட அணுக்கள் எலக்ட்ரான்களைக் கக்கின.
தப்பி வரும் ஒவ்வொன்றும்
தன்னைக் கட்டியிருந்த கயிறு
எத்தனை இறுக்கம் என்று சொல்லிவிடும்.
ஆயிரத்து எழுபத்திரண்டில் ஒரு மேடு. சோடியம்.
இருநூறுக்குச் சற்று முன்னால் குட்டி மேடு. குளோரின்.
நானூறில் நைட்ரஜன்.
வியர்வை.
ஒரு மனித விரல்.

குன்வோர் காப்பியைக் குடிக்காமல் ஆறவிட்டாள்.
அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
மேற்பரப்பில் அசுத்தம்: ஆம், இல்லை.
ஒரு டிக் போதும்.
மதியத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.
யாருடைய வேலை போகும் என்பதற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

ஆனால் உப்பு இருக்கிறது என்பது ஒரு பதில்.
எப்போது வந்தது என்பது வேறு கேள்வி.
இந்தக் கலத்துக்குள்
ஆழம்தான் காலம்.
ஆர்கான் அயனிகளைத் தூவினாள்,
கப்பலடியில் மணலடித்துத் துருவெடுப்பது போல,
மணலுக்குப் பதில் அணு.
இரண்டு நானோமீட்டர்: உப்பு பாதியானது.
ஆறு: உப்பு இல்லை.
அதற்குக் கீழே எங்குமே இல்லை.

விரல் கடைசியில் வந்திருக்கிறது.
எல்லாம் முடிந்த பிறகு.

பத்து. இருபது. நாற்பது.
துத்தநாகத்தைக் காணோம்.
பாஸ்பரஸ் இருக்க வேண்டிய இடத்தில்
வரைபடம் தட்டையாய்க் கிடந்தது,
வெளியே கடலைப் போல.
இரும்பு ஆக்சைடு, மேலும் இரும்பு ஆக்சைடு,
பிறகு வெறும் இரும்பு.
கண்ணாடி விளையவே இல்லை.
பீப்பாய்மேல் எழுதியிருந்தது
பீப்பாய்க்குள் இருந்ததில்லை.

ஆய்வகத்திலிருந்து யாரும் போன் செய்வது வழக்கமில்லை.
செய்தாள்.
‘கழற்றிய பிறகு தொட்டீர்களா?’
அந்தப் பக்கம் வெகுநேரம் காற்றுதான் பேசியது.
‘துணியால் துடைத்துவிட்டுத் தொட்டேன்.
மைனஸ் இருபத்தாறு. கையுறையைக் கழற்றிவிட்டேன்.
பள்ளம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது,
விரலுக்குத்தான் தெரியும்.
கொஞ்சம் தோல் ஒட்டிக்கொண்டது.’
பிறகு, ‘அது தப்பா?’

நானூறில் நின்ற மேட்டை
அவள் இன்னொரு முறை பார்த்தாள்.
‘இல்லை’ என்றாள்.
வேறெதுவும் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை.

கட்டத்தில் ‘ஆம்’ என்றே டிக் அடித்தாள்.
உப்பு உப்புதானே.
அடுத்த பக்கத்தில் பாஸ்பரஸின் தட்டைக் கோட்டை
அளவு குறைக்காமல் ஒட்டினாள்.
திரும்ப முதல் பக்கத்துக்கு வந்து
டிக்குக்குப் பக்கத்தில்,
எழுத இடமே விடாத ஓரத்தில்,
சின்னதாய் ஒரு சொல் சேர்த்தாள்:
பின்னர்.